எக்ஸ்ரேயில் இருக்கும் வெள்ளியும், நான் பாதி மட்டும் நடத்திய பாடமும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். ஊட்டியில் மூன்று நாளாக விடாத சாரல். வெளியே போக வழியில்லை, அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

போன மாதம் பழைய பேப்பர் எடுக்கிற தம்பி வந்தார். பேப்பரை நிறுத்துவிட்டு, "அம்மா, பழைய எக்ஸ்ரே ஏதாச்சும் இருக்கா? நல்ல விலை தர்றேன்" என்றார். பழைய பித்தளை கேட்பார்கள், பேட்டரி கேட்பார்கள். எக்ஸ்ரே எதற்கு என்று கேட்டேன். "அதுல வெள்ளி இருக்கும்மா, எரிச்சு எடுப்பாங்க" என்றார்.

பீரோவில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று 1990களில் வழுக்கி விழுந்தபோது எடுத்த என் முழங்கால். இன்னொன்று எங்கள் பெரிய அண்ணனின் நெஞ்சு. இரண்டையும் கொடுக்கவில்லை. அண்ணன் பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர் என்பது உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ சித்தப்பாவோ அங்கே இருந்திருப்பார்.

அந்தத் தம்பி சொன்ன "எரிச்சு எடுப்பாங்க" மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு நான் பாக்டீரியா பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? கரும்பலகையில் குச்சி குச்சியாக வரைந்து, "இதெல்லாம் நம் எதிரிகள், கையைக் கழுவுங்கள்" என்றேன். தயிரைப் பற்றி ஒரு வரி சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். நீலகிரியில் இருந்துகொண்டு வேறு மாதிரி நினைக்கவும் வரவில்லை. ஆண்டுதோறும் சுற்றுலா என்றால் குன்னூர் சிம்ஸ் பூங்கா, பக்கத்திலேயே பாஸ்டர் நிறுவனம். அந்தக் கட்டடத்தைக் காட்டி "கிருமிகளோடு சண்டை போடுகிற இடம்" என்று சொல்லிப் பேருந்தைக் கிளப்பிவிடுவோம்.

அந்த நிறுவனம் திறந்தது 1907 ஏப்ரலில். அதற்கு முன் தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் இமயமலைப் பக்கம் கசௌலி வரை ரயிலில் போக வேண்டும். கசௌலி நிறுவனமே 1900இல்தான் வந்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு குன்னூருக்கு வந்தது. வெறிநாய்க்கடிக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, வைரஸ். அதையும் சேர்த்துக் "கிருமி" என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன், மன்னியுங்கள். பின்னாளில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான தடுப்பூசியும் அங்கே தயாரானது. உங்களில் பலர் தொடையில் வாங்கியது அதுதான். ஆக, நான் சொன்னது பொய்யில்லை. பாதிதான்.

மீதிப் பாதியும் அதே 1907இல் இருக்கிறது. அந்த ஆண்டு வேதியியல் நோபல் பரிசு எடுவர்டு பூக்னர் என்ற ஜெர்மானியருக்குக் கிடைத்தது. சர்க்கரை சாராயமாவதற்கு உயிருள்ள ஈஸ்ட் செல் கட்டாயம் வேண்டும் என்பது பாஸ்டரின் உறுதியான கருத்து. பாஸ்டர் 1895இல் காலமானார். இரண்டே ஆண்டில், 1897இல், பூக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்தார். சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்து வைத்தார், நாம் பழத்துக்குச் செய்கிற மாதிரி. சாறு நுரைத்தது. உள்ளே உயிருள்ள செல் ஒன்றும் இல்லை, வேலை மட்டும் நடக்கிறது. வேலை செய்தது நொதி. பாஸ்டர் பெயரில் குன்னூரில் கதவு திறந்த அதே ஆண்டில், பாஸ்டர் சொன்னதைத் திருத்தியவருக்குப் பரிசு. இது பாடப்புத்தகத்தில் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். நான் நடத்திய எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நொதி என்ற சொல்லைப் பாருங்கள். மாவு நொதிக்கிறது என்கிறோமே, அதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் என்சைம் என்ற சொல்லை உண்டாக்கிய ஜெர்மானியர் கூனேயும் "ஈஸ்டுக்குள் இருப்பது" என்ற பொருளில்தான் கிரேக்கத்திலிருந்து எடுத்தார். நொதி உயிரல்ல. அது ஒரு புரதம். ஒரு பொருளை வெட்டும் அல்லது ஒட்டும், தான் தீராமல் அடுத்ததற்குப் போகும். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலைதான்.

இதில் நம் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு குழப்பம் செய்து வைத்திருக்கிறார்கள். வாட்டி, ரோலரில் நசுக்கிய கொழுந்தைப் பரப்பி வைக்கும் இடத்துக்கு "பெர்மென்டிங் ரூம்" என்று பலகை மாட்டியிருப்பார்கள். அங்கே எந்தக் கிருமியும் வேலை செய்வதில்லை. கொழுந்துக்குள்ளேயே இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து இலையைச் செம்பாக்குகிறது, அவ்வளவுதான். பெயர் மட்டும் பாஸ்டர் காலத்திலேயே நின்றுவிட்டது.

பாக்டீரியாவுக்கு வருவோம். ஜெலட்டின் என்றால் உங்களுக்குத் தெரியும், ஜெல்லி. மாட்டெலும்பை நொறுக்கி, நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, மிச்சத்தை வாரக்கணக்கில் சுண்ணாம்பு நீரில் போட்டு, பிறகு வெந்நீரில் வடித்து எடுப்பது. நம் சாண்டிநல்லா பக்கம் மருந்து கேப்சூலுக்காகச் செய்தார்களே, அதேதான். 1881 வாக்கில் ராபர்ட் கோக் தன் ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்க ஜெலட்டின் பரப்பைப் பயன்படுத்தினார். இரண்டு தொல்லைகள் வந்தன. வெயில் நாளில் ஜெலட்டின் உருகிவிடும். அதைவிட மோசம், சில பாக்டீரியாக்கள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும். ஒரு வாரப் பாடு ஒரே இரவில் குழம்பாகிக் கிடக்கும்.

தீர்வு ஒரு சமையலறையிலிருந்து வந்தது. கோக்கின் கீழ் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் பழக்கூழ் கெட்டியாக அகர் சேர்ப்பார். ஜாவாவில் வாழ்ந்த குடும்பம் ஒன்றிடமிருந்து கற்றது. அவர் சொல்லித்தான் ஆய்வகத்துக்கு அகர் வந்தது. அகர் வேறொன்றுமில்லை, நோன்புக் காலத்தில் நம் பாய் வீடுகளில் செய்வார்களே, அந்தக் கடல்பாசி. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கிற பாசியிலிருந்தும் அது கிடைக்கிறது. உலகத்தின் எல்லாக் கிருமி ஆய்வகங்களும் இன்றுவரை அதில்தான் நிற்கின்றன. ஃபேனி பெயர் அன்று வந்த கட்டுரையில் இல்லை.

ஜெலட்டினைத் தின்னும் அந்தத் தொல்லை பிடித்த பாக்டீரியாவை நினைவில் வையுங்கள். அது திரும்ப வரும்.

தொழிலுக்குள் இந்த நொதிகள் நுழைந்தது மிகவும் அசிங்கமான வாசல் வழியாக. மேலைநாட்டுத் தோல் பட்டறைகளில், சுண்ணாம்பில் ஊறிய தோலை மிருதுவாக்க நாய்ச் சாணமும் புறா எச்சமும் கரைத்த தொட்டியில் போடுவார்கள். அதற்கென்றே தெருவில் பொறுக்கி விற்று வயிறு கழுவினவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊர் டர்னி உட் என்ற தோல் வேதியியலாளர், அந்தச் சாணத்தில் வேலை செய்வது என்ன என்று பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்தார். பாக்டீரியாவும் அது விடும் நொதியும் என்று கண்டுபிடித்தார். 1908 வாக்கில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் விலங்குக் கணையத்தின் நொதியைத் தூளாக்கிக் கடையில் விற்கத் தொடங்கினார். சாணத் தொட்டிகள் ஒழிந்தன.

நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்கு இது வேறு வகையில் முக்கியம். தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவார்கள். அந்தக் கழிவும் பதனிடும் உப்பும் பாலாற்றை என்ன செய்தன என்பதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பே சாட்சி. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சல்பைடுக்குப் பதிலாக நொதியால் முடி எடுப்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. முடியைத் தோலோடு பிடித்து வைத்திருக்கும் புரதத்தை மட்டும் நொதி வெட்டினால் போதும், முடி முழுசாக வந்துவிடும். தோலைத் தின்றுவிடக் கூடாது. இந்த "மட்டும்" என்பதில்தான் இத்தனை ஆண்டு உழைப்பும் போயிருக்கிறது.

பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து நொதி எடுப்பதற்கு முதலில் வழி கண்டவர்கள் புவாதன், எஃப்ரோன் என்ற இருவர். அவர்களின் காப்புரிமை 1917இல். வைக்கோல், மண், தூசி எங்கும் இருக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாதான் அவர்களுடைய தொழிலாளி. எதற்குத் தெரியுமா? துணிக்கு. தறியில் பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள் அல்லவா, சாயம் போடுமுன் அந்தக் கஞ்சியைப் போக்க வேண்டும். அமிலம் போட்டால் நூலும் போய்விடும். பாக்டீரியாவின் அமைலேஸ் நொதி கஞ்சியை மட்டும் கரைக்கும், பஞ்சைத் தொடாது.

பிறகு 1960களில் சலவைத் தூள். ரத்தக் கறை, பால் கறை, முட்டைக் கறை எல்லாம் புரதம். புரதத்தை வெட்டும் நொதிக்குப் புரோட்டியேஸ் என்று பெயர். சோப்புத் தண்ணீரின் காரத்திலும் உயிர்ப்போடு இருக்கும் புரோட்டியேஸை பேசில்லஸ் தருகிறது. பெரிய எஃகுத் தொட்டி, சோயா மாவு, மாவுச்சத்து, அடியிலிருந்து காற்று, மிதமான சூடு, இரண்டு மூன்று நாள். பாக்டீரியா பெருகி நொதியைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும். வடிகட்டி, செறிவூட்டினால் சரக்கு. எளிதாகத் தெரிகிறது. ஆனால் அந்தத் தூளைச் சுவாசித்த சலவைத் தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு வந்ததை 1969இல் இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் எழுதினார். புரதத்தை வெட்டுவது நுரையீரலுக்கு மட்டும் நல்லதா செய்யும்? அதன் பிறகுதான் நொதியை மெழுகு போன்ற பூச்சுக்குள் அடைத்துக் குருணையாக்கினார்கள். உங்கள் சலவைத் தூளில் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும் குருணைகளில் சில அதுதான்.

எது நல்ல பாக்டீரியா என்று எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்பீர்கள். கடல்பாசிக் கூழில் பால் கலந்து தட்டில் ஊற்றினால் வெள்ளையாக உறையும். ஒரு சிட்டிகை மண்ணைக் கரைத்து அதன்மேல் தடவி வைத்தால், பாலின் புரதத்தைத் தின்னும் பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல ஒரு வட்டம் விழும். பெரிய வட்டம் போட்டவனைத் தனியே எடுத்து வளர்ப்பார்கள். என் பேத்தி கல்லூரியில் இதைச் செய்து போட்டோ அனுப்பினாள். மண், அவள் விடுதி வாசல் செடிக்கடியில் எடுத்தது.

இனி பிலிம் பேக்டரி. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் பதிவாகி, பிரான்சின் பொஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. பெட்டியில் "இந்து" என்று போட்டிருக்கும். நிலா என்று பொருள். மதம் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. இந்து நகருக்கு அதனால்தான் அந்தப் பெயர். தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிலிம் என்பது என்ன? ஜெலட்டின் கரைசலில் வெள்ளி உப்பு. அதை இருட்டில் தயாரித்து, இருட்டில் பிலிம் தாளின் மேல் பூசி, இருட்டில் உலர்த்தி, இருட்டில் வெட்ட வேண்டும். அண்ணன் அந்த இருட்டில் இருந்தவர். எதிரே ஆள் வந்தால் மோதாமல் இருக்கக் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் மெழுகுவத்தி தேடுவோம், அவர் எழுந்து நேராகப் போய் எடுத்து வருவார். ஒரு முறை எனக்குச் சொன்னார்: "வெள்ளியை விட ஜெலட்டின்தான் முக்கியம், அதுதான் பிடிச்சு வைக்கிறது." இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1920களில் கோடாக் நிறுவனத்தின் ஷெப்பர்டு, சில ஜெலட்டினில் செய்த பிலிம் மட்டும் ஏன் ஒளியைக் கூர்மையாகப் பிடிக்கிறது என்று தேடினார். மாடு தின்ற கடுகு வகைச் செடியிலிருந்து வந்த துளி கந்தகம்தான் காரணம். கடுகு தின்ற மாட்டின் எலும்பில் நல்ல படம்!

எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. கழுவியபின் கறுப்பாகத் தெரிவதெல்லாம் பொடிப்பொடியான வெள்ளி. பிலிமின் எடையில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். நூறு கிலோ பழைய எக்ஸ்ரே இருந்தால் ஒன்றரை கிலோவுக்குக் குறையாத வெள்ளி. தம்பி நல்ல விலை தருகிறேன் என்றதன் காரணம் இதுதான்.

எடுப்பதற்கு ஊரறிந்த வழி எரிப்பது. சாம்பலை உருக்கினால் வெள்ளி வரும், கொஞ்சம் புகையோடு போகும். பிளாஸ்டிக் தாளும் போகும். இன்னொரு வழி கடும் ரசாயனத்தில் ஊறவைப்பது. மூன்றாவது வழிதான் கோக்கின் தொல்லை. ஜப்பானில் ஃபுஜிவாரா, யமமோட்டோ என்பவர்கள் 1987இல், காரத்தில் வளரும் பேசில்லஸின் புரோட்டியேஸைக் கொண்டு எக்ஸ்ரேயின் ஜெலட்டின் பூச்சைக் கரைத்துக் காட்டினார்கள். ஐம்பது டிகிரி போல வெதுவெதுப்பு, கொஞ்சம் காரம், நொதி. ஜெலட்டின் வெட்டுப்பட்டதும் பிடித்து வைக்க ஆளில்லை, வெள்ளி கீழே வண்டலாக இறங்கும். வடிகட்டி, உலர்த்தி, வெண்காரம் சேர்த்து உருக்கினால் கட்டி. பிளாஸ்டிக் தாள் கண்ணாடி போல அப்படியே மிஞ்சும், அதையும் விற்கலாம். பிறகு இந்தியாவிலும், நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் உட்பட, எத்தனையோ பேர் தங்கள் ஊர் மண்ணிலிருந்து பேசில்லஸ் பிரித்து இதைச் செய்து பார்த்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

கட்டுரையோடு நிற்கிறதே என்பதுதான் என் குறை. நொதி இல்லாமலா இருக்கிறது? தீக்குச்சி மலிவு, அவ்வளவுதான்.

பேக்டரியின் பிற்காலத்தை நான் விவரிக்க வேண்டாம். பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்காகப் பெரிய முதலீடு, பிறகு இறக்குமதிப் போட்டி, 1996இல் நலிந்த நிறுவனம் என்ற பட்டியல், அதன்பின் டிஜிட்டல். 2014இல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இந்து நகர் பக்கம் இப்போது போகிறவர்களுக்குத் தெரியும்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். உங்களில் ஒருவன், பெயர் வேண்டாம், அவனே விரும்பமாட்டான், மலையிறங்கிச் சமவெளியில் ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். அப்பா பிலிம் செய்தவர். பிள்ளை பிலிம் எரிக்கிறான். போனில் பேசும்போது நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். "டீச்சர், எரிச்சாத்தான் வெள்ளி வரும்" என்றான். அப்படியில்லை என்று அவனிடம் சொல்ல எனக்கு அன்று எதுவும் தெரியவில்லை. கிருமி என்றால் கை கழுவு என்று மட்டும்தானே அவனுக்கு நான் சொல்லியிருந்தேன்?

அதனால் செய்து பார்த்தேன். என் முழங்காலின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெட்டினேன். நொதி உள்ள சலவைத் தூள் இரண்டு கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீர். முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. ஊட்டிக் குளிரில் நொதிக்கும் கை விறைத்துவிட்டது. மறுநாள் தெர்மாஸ் பிளாஸ்கில், கை பொறுக்கும் அளவு வெந்நீரில் போட்டு, ஆற ஆற மாற்றினேன். சாயங்காலம் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். கறுப்பு மொத்தமும் பால் ஏடு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. தண்ணீரின் அடியில் சாம்பல் நிற வண்டல். கையில் நிலாவெளிச்சம் போல நீலமான வெறும் தாள். (இப்போது தரும் டிஜிட்டல் படங்கள் பலவற்றில் பூச்சே வேறு, முயன்று ஏமாறாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த பிளாஸ்கில் பிறகு காபி ஊற்றாதீர்கள்.)

வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். "ஒரு டன்னுக்கு எவ்வளவு பவுடர் டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி, எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பு டீச்சரின் கணக்கு டம்ளரோடு முடிந்துவிடும். உங்களில் மைக்ரோபயாலஜி, பயோடெக் படித்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருக்கிறீர்கள். சலவைத் தூள் வேண்டாம், மொத்த விலையில் வாங்கும் கார புரோட்டியேஸ் எங்கே கிடைக்கும், கிலோ என்ன விலை, நூறு கிலோ பிலிமுக்கு எவ்வளவு, ஒரே கரைசலை எத்தனை முறை பயன்படுத்தலாம், தண்ணீரைச் சூடாக்க என்ன செலவு, கழிவு நீரை என்ன செய்வது என்று எனக்குத் தனிச் செய்தியில் எழுதுங்கள். அவன் முதலாளியிடம் பேசத் தயார் என்கிறான்.

பிலிம் பேக்டரியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், வீட்டில் "இந்து" பெட்டி ஏதும் பரணில் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். அண்ணனின் எக்ஸ்ரே பீரோவில் அப்படியேதான் இருக்கிறது.